வூலிஸ் பேசி முடிக்கும்வரை

அந்தச் சங்கிலியை விற்றது நான்தான். மூன்று மீட்டர் நீளம், எட்டு மில்லிமீட்டர் கனம், கூடவே பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று. வாங்க வந்தவள் க்ரிசாந்தி, எங்கள் பகுதிப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவி.

"எதுக்குடி இவ்வளவு கனம்? கப்பலைக் கட்டிப்போடப் போறியா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட கேட்டுக்கு. இன்னிக்கு மத்தியானம் அந்தப் பிள்ளைங்களக் கொண்டாறாங்களாம். வரட்டும், பாத்துக்கலாம்."

தெரியாமல் விற்றேன் என்று சொல்ல முடியாது. கேட்டேன், தெரிந்துகொண்டேன், அளந்து வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தேன். என் பெயர் பொலிக்ஸேனி. எங்கள் மொழியில் அதற்குப் பல விருந்தினரை உபசரிப்பவள் என்று பொருள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அன்றைக்கு என் கடைப் பக்கம் வராததே நல்லது.

இது நடந்தது 2016 அக்டோபரில், ஏதென்ஸின் மேற்குப் பக்கத்தில். அந்த வருடம் வசந்தகாலத்தில் வடக்கு எல்லையை அடைத்துவிட்டார்கள். ஜெர்மனிக்குப் போகலாம் என்று கடல் தாண்டி வந்த சிரியாக்காரர்களும் ஆப்கானியர்களும் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிப்போனார்கள். எங்களிடமிருந்து இருபத்தைந்து நிமிடப் பயணத்தில், பழைய கிடங்குகளின் மைதானத்தில், அவர்களுக்கு முகாம் போட்டிருந்தார்கள். முகாம் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளிகளில் மாலை வகுப்பு நடத்துவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. நம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. நோய் வரும், தடுப்பூசி போடாத பிள்ளைகள், அதே டெஸ்க், அதே கழிப்பறை. இதோடு ஒரு நியாயமான கோபமும் சேர்ந்துகொண்டது: பள்ளியின் மேல்மாடிக் கூரை மூன்று வருடமாக ஒழுகுகிறது, மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை, அதையெல்லாம் கேட்க நாதியில்லை.

சங்கிலி விற்ற அன்றே, திங்கட்கிழமை இரண்டு மணிக்கு முகாம் பேருந்து வந்தது. ஓட்டி வந்தவன் வூலிஸ். அவன் க்ரிசாந்தியின் தம்பி.

வூலிஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுப்பெயர் த்ராசிவுலோஸ். துணிந்து ஆலோசனை சொல்பவன் என்று அர்த்தம் வரும். பாவம், அந்தப் பெயரையே அவனால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து திக்குவாய். முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் இமை துடிக்கும், வார்த்தை வராது. அவனைவிட நான்கு வயது மூத்த க்ரிசாந்திதான் அவனுக்கு வாய். ரொட்டிக் கடையில் அவன் "எ... எ..." என்று தொடங்கினால், "எள்ளு ரொட்டி ரெண்டு" என்று இவள் முடிப்பாள். பள்ளியில் கேலி செய்தவன் மூக்கை உடைத்ததும் இவள்தான். பெரியவனாகி அவன் பேருந்து ஓட்டப் போனதற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். எல்லாரும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று தலைக்கு மேலே பலகையும் தொங்கும். நாற்பத்தியாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அக்காளும் தம்பியும் ஒரே கட்டடத்தில், அவள் மூன்றாம் மாடி, அவன் இரண்டாம் மாடி.

அன்று என் கடை வாசலில் நின்று நானும் பார்த்தேன். கேட்டில் சங்கிலி. முன்னால் முப்பது பேர். பேருந்து திரும்பி நின்றதும் விசில், கூச்சல். ஒரு ஆள் பேருந்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். தலையில் தண்ணீர் தொட்டு வகிடெடுத்துச் சீவி, யாரோ கொடுத்த ஒரே மாதிரி நீலப் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் இருக்கையில் மொழிபெயர்ப்புக்கு வந்த ஆப்கானியப் பெண் ஷுக்ரியா, கைப்பேசியில் யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தாள். வூலிஸ் கண்ணாடி வழியாகத் தன் அக்காவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கால் மணி நேரம் அப்படியே நின்றான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தான்.

"ச... ச... சங்கிலி வெட்டுற கத்தரி இருக்கா?"

"எந்தச் சங்கிலி வெட்டணும்?"

"நீ வி... வித்தது."

நீளக் கைப்பிடிக் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையிலெடுத்து எடை பார்த்தான். திறந்து மூடிப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தான்.

"வே... வேணாம். இதை வெட்டினா நாளைக்கு இன்னொண்ணு வா... வாங்குவாங்க. உன்கிட்டயே."

எனக்கு முகம் சுட்டது. "நான் கடைக்காரிடா, கேட்டா குடுக்கத்தானே வேணும்," என்றேன்.

அவன் கத்தரியை என் பக்கம் தள்ளினான். முந்தின நாள் நடந்ததை மட்டும் சொன்னான். திரும்பிப் போகிற வழியில் ஸோஹல் என்று ஒரு பெண், ஒன்பது வயது, எழுந்து அவன் பின்னால் வந்து நின்றாளாம். ஷுக்ரியா மொழிபெயர்த்தாள்: "நாங்க லேட்டா வந்துட்டோமா?" முகாமில் இறங்கியபோது தாய்மார்கள் இன்னும் வழியனுப்பிய இடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இதைச் சொல்ல அவனுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நான் நடுவில் நாலு முறை வார்த்தை எடுத்துக்கொடுத்தேன். கடைசியில் கேட்டான்: "கே... கேட்டுல எத்தனை பேர் இருந்தாங்க?"

"முப்பது இருக்கும்."

"நம்ம ஏரியால எத்தனை வீடு?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டாயிரம்?"

"அ... அப்ப மத்தவங்க என்ன நி... நினைக்கிறாங்க?"

யாரும் கேட்காத கேள்வி அது. நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

இரண்டு வாரத்துக்கு மாலை வகுப்பை நிறுத்திவைத்தார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் பேருந்து வரும் என்று அறிவிப்பு. அன்று மாலையே வூலிஸ் கதவு தட்டத் தொடங்கினான். முதலில் தன் கட்டடம், அப்புறம் பக்கத்துக் கட்டடம், அப்புறம் தெரு. வேலை முடிந்து ஐந்தரைக்குக் கிளம்புவான், சாப்பாட்டு நேரத்துக்கு முன் நிறுத்திவிடுவான். ஒவ்வொரு கதவிலும் ஒரே வாக்கியம்: "பிள்ளைங்களை உள்ள விடணும்னு நினைச்சா திங்கட்கிழமை ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க." நமக்கு ஐந்து நொடி. அவனுக்கு ஒன்றரை நிமிடம், சில நாள் மூன்று.

"எழுதித் தரேன், நகலெடுத்துப் பெட்டியில போட்டுடு. எதுக்கு இந்த அவஸ்தை?" என்றேன்.

அவன் சிரித்தான். "கா... காகிதத்தைப் படிக்காம போ... போட்டுடுவாங்க. நான் பேசி முடிக்கறவரைக்கும் ஒ... ஒருத்தரும் கதவைச் சாத்தல. வெ... வெட்கப்படுறாங்க."

தன் குறையே தனக்கு ஆயுதம் என்று நாற்பத்தியாறு வயதில் கண்டுபிடித்திருக்கிறான். நினைத்துப் பார்க்கிறேன், ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிறவன். படிக்கட்டில் மேலே ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் மணி அடிப்பானாம். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் அவன் முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்றாராம். இன்னொரு வீட்டில், "மொதல்ல நீ பேசக் கத்துக்கிட்டு வா, அப்புறம் அவங்களுக்குப் பள்ளிக்கூடம் தேடலாம்," என்று ஒருவன் சொல்ல, அவன் பெண்டாட்டி உள்ளிருந்து வந்து, "நான் வரேன், வூலிஸ். எத்தனை மணிக்கு?" என்று கேட்டாளாம். இதையெல்லாம் தினமும் காலையில் கடைக்கு வந்து சொல்வான். அவன் சொல்லிக் கேட்பதற்காக நான் பத்து நிமிடம் முன்னதாகவே கடை திறக்க ஆரம்பித்தேன். ஆனாலும் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, தன் பழைய வெள்ளைக் காரோடு வாசலில் வந்து நின்றான். முன் இருக்கையில் டாக்டர் அனெஸ்டிஸ். எங்கள் பகுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தவர் அவர்தான், என் இரண்டு மகன்களுக்கும்கூட.

"ஏ... ஏறு," என்றான் வூலிஸ்.

"எனக்கு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை? ஆணி எண்ணப் போறியா? ஏறும்மா," என்றார் டாக்டர்.

ஏறினேன். முகாமில் வரிசை வரிசையாக வெள்ளைப் பெட்டி வீடுகள். ஷுக்ரியா எங்களை ஸோஹலின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் அம்மா எங்களைக் கண்டதும் ஏலக்காய் போட்ட தேநீர் கொண்டுவந்தாள். கண்ணாடித் தம்ளர் மூன்றுதான் இருந்தது போலிருக்கிறது. நாங்கள் குடித்து முடித்தபிறகுதான் அவர்கள் குடித்தார்கள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடுப்பூசி அட்டைகளைக் கேட்டார். வீட்டுக்கு வீடு போய் இருபத்திரண்டு அட்டையையும் பார்த்தார். நடுவில் ஒரு பையனின் காதைப் பார்த்தார், ஒரு குழந்தையின் இருமலைக் கேட்டார், மருந்து எழுதினார்.

திரும்பும்போது காரில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "பொலிக்ஸேனி, உன் ரெண்டாவது பையனுக்கு நாலாவது ஊசி போடக் கூட்டிவான்னு எத்தனை தடவை சொன்னேன்? வரவே இல்ல. இந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணுக்குக்கூட பாக்கி இல்ல. யாருகிட்டேயிருந்து யாருக்கு ஒட்டிக்கப் போகுதோ!"

வூலிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்குத் திக்காது.

அடுத்த மூன்று நாளில் டாக்டர் தன் மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு தாயிடமும் இதைச் சொன்னார், ஊசி குத்தும்போது, தப்பி ஓட முடியாத நேரம் பார்த்து. வூலிஸ் இன்னும் நான்கு பயணம் போனான். ஒவ்வொரு முறையும் காரில் மூன்று நான்கு பேர். ரொட்டிக் கடைக்காரர் போனார், சிகையலங்காரக் கடைப் பெண் போனாள். பார்த்துவிட்டு வந்தவர்களை அவன் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு மணி என்று ஞாபகப்படுத்துவான், அவ்வளவே.

புதன்கிழமை காலையில் அவன் வரவில்லை. போன் செய்தான். வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வர முடிந்தது, ஆனால் பூட்ட முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். சாவித் துவாரம் முழுக்க யாரோ பசையை ஊற்றியிருந்தார்கள். கதவில் கறுப்பு எழுத்தில் ஒரு கெட்ட வார்த்தை. நான் மண்டியிட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது க்ரிசாந்தி மேலிருந்து இறங்கி வந்தாள்.

"யாருடா இதைச் செஞ்சது?"

"உ... உன் ஆளுங்க."

"என் ஆளுங்க இப்படிச் செய்ய மாட்டாங்க." சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சங்கத்து நோட்டீஸ்களை எழுதுகிறவர்கள் சிலர்தான். குரலை இறக்கினாள். "நீ எதுக்குடா இதுல தலையிடுற? உனக்குப் பிள்ளையா குட்டியா? வீடு வீடாப் போய் நிக்கிறியாம். ஊர் சிரிக்குது. சின்ன வயசுல ஒருத்தன் உன்னைப் பாத்துச் சிரிக்கக்கூடாதுன்னு நான் எத்தனை பேரை அடிச்சேன், இப்ப நீயே போய் நிக்கிற!"

"சி... சிரிக்கட்டும்."

"நம்ம பிள்ளைங்க தலையில மழை ஒழுகுது. மூணு வருஷமா மனு குடுக்கிறேன். ஒருத்தன் வரல. இவங்களுக்கு மட்டும் பஸ்ஸு, பையி, டீச்சரு!"

"அ... அந்தக் கூ... கூ..."

"கூரைக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லப் போற. தெரியும்."

வூலிஸ் தலையை ஆட்டினான். "இ... இல்ல. நா... நான் சொல்ல வந்தது அது இல்ல."

க்ரிசாந்தி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவள் முடித்த வாக்கியத்தை அவன் தப்பு என்று சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். அவன் மூச்சு வாங்கி, சுவரில் ஒரு கை ஊன்றி, நிதானமாகச் சொன்னான்:

"கூரையும் கே... கேட்போம், அவங்களை உள்ளயும் வி... விடுவோம். ரெண்டையும் சே... சேர்த்தே கேக்கலாம். கே... கேக்க ஆள் அதிகமாகும்னு சொல்ல வந்தேன்."

அவள் மேலே ஏறிப் போனாள். சற்று நேரத்தில் கையில் தின்னர் பாட்டிலும் பழந்துணியுமாக இறங்கி வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், கதவில் இருந்த கெட்ட வார்த்தையைத் தேய்த்து அழித்தாள். அதோடு சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளும் சங்கக் கூட்டத்தில் கேட்டைத் திறக்கக்கூடாது என்றுதான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு அடி. யாரோ பேருந்து முதலாளிக்கு போன் செய்து, உங்கள் ஓட்டுநர் அரசியல் பண்ணுகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். முதலாளி அவனை முகாம் வழித்தடத்திலிருந்து எடுத்து விமான நிலையப் பயணிகளுக்குப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பேருந்தை வேறொருவன் ஓட்டுவான். அன்று மத்தியானம் விடுப்பு கேட்டதற்கு, "போ, ஆனா சம்பளம் கிடையாது," என்றாராம்.

"அப்ப நீ வண்டியில இருக்க மாட்டியா?" என்றேன்.

"இ... இல்ல. நா... நடைபாதையில." அன்றுதான் அவன் முகத்தில் முதன்முதலாகச் சோர்வைப் பார்த்தேன். "பொலிக்ஸேனி, இருநூத்திப் பன்னிரண்டு க... கதவு தட்டிட்டேன். வரேன்னு சொன்னவங்க அ... அறுபது. உண்மையில எத்தனை பேர் வ... வருவாங்க?"

"அறுபத்தொண்ணு," என்றேன். "என்னையும் சேத்துக்கோ."

திங்கட்கிழமை ஒன்றரைக்குக் கடையைச் சாத்தினேன். பள்ளி கேட்டில் சங்கிலி மாட்டியிருந்தது. முன்னால் க்ரிசாந்தியும் அவள் ஆட்களும், முன்பு போலவே முப்பது பேர். எதிர் நடைபாதையில் வூலிஸ், டாக்டர், ரொட்டிக் கடைக்காரர், ஏழெட்டுப் பேர். நான் தலைகளை எண்ணினேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மூலையிலிருந்து இரண்டு பெண்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு இளம் தகப்பன். 'எவ்வளவு குடுத்தாங்க' என்று கேட்ட அந்தக் கிழவர், சட்டைப் பையில் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு. இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எண்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு கூட்டமும் ஒரு தெருவை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்தன. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், அதுதான் கஷ்டம்.

வூலிஸ் நடைபாதையை விட்டு இறங்கித் தெருவின் நடுவில் போய் நின்றான்.

"நா... நா... நான்தான் அன்னிக்கு வ... வ... வ..."

மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கேட்டின் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "வண்டி! வாத்து! வாழைப்பழம்! ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைடா!" சிலர் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து டாக்டர் ஓரடி முன்னால் வைத்து, "விடு வூலிஸ், நான் சொல்றேன்," என்றார்.

"யாரும் சொல்ல வேணாம்!"

க்ரிசாந்தியின் குரல். அவள் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் ஆட்கள் பக்கம் திரும்பி, கேலி செய்தவனை விரல் நீட்டி, "நீ வாயை மூடு. அவன் பேசி முடிக்கட்டும்," என்றாள்.

தெரு அடங்கிப்போனது. அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. அவன் சொன்னதைத் திக்கலில்லாமல் எழுதுகிறேன், மன்னிக்கட்டும்:

"நான்தான் அன்னிக்கு வண்டியைத் திருப்பினவன். ஒரு பொண்ணு கேட்டா, நாங்க லேட்டா வந்துட்டோமான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். உங்களை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனால தப்பு அவங்களோடதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை ரெண்டு வாரமா முகாம் வாசல்ல விடிஞ்சதும் வந்து பையோட உக்காந்திருக்காளாம், லேட்டாகக் கூடாதுன்னு. அவங்க லேட்டா வரல. சரியான நேரத்துக்குத்தான் வந்தாங்க. அதை அவகிட்ட சொல்லணும். கேட்டு பூட்டியிருந்தா எப்படிச் சொல்றது?"

அவன் ஆமாம் என்று சொன்னதை என்னிடம்கூட அதுவரை சொல்லவில்லை. இரண்டு வாரம் தினமும் என் கடையில் நின்றிருக்கிறான், அந்த ஒன்றை மட்டும் விழுங்கியிருக்கிறான்.

க்ரிசாந்தி கோட்டுப் பையில் கையை விட்டாள். சாவியை எடுத்தாள். பின்னாலிருந்து யாரோ, "தலைவி, என்ன பண்றீங்க?" என்றார்கள். அவள் பூட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்ற தலைமையாசிரியையின் கையில் கம்பி வழியாகச் சாவியைக் கொடுத்தாள். பிறகு தம்பியிடம் வந்தாள்.

"நாளைக்குக் காலையில கூரைக்கு மனு. மொதக் கையெழுத்து உன்னோடது. இந்த எண்பது பேரும் போடணும்."

"ச... சரி."

"வராம ஏமாத்தினா உன்னைக் கொன்னுடுவேன்."

போய்விட்டாள். பேருந்து வந்ததைப் பார்க்க அவள் நிற்கவில்லை. அவளோடு பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்கள்.

பேருந்து வந்தது. கேட் திறந்திருந்தது. நாங்கள் எண்பது பேரும் கை தட்டினோம். அங்கேதான் தப்பு செய்தோம். கூட்டத்தையும் சத்தத்தையும் கண்ட பிள்ளைகள் மறுபடியும் அதேதான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை. சின்னப் பையன் ஒருவன் இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். ஷுக்ரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வூலிஸ் எங்களைக் கை தட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே ஏறினான். கதவு வழியாக எனக்குத் தெரிந்தது: ஸோஹலின் இருக்கைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். ஷுக்ரியா மொழிபெயர்க்கக் காத்திருந்தாள். அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் அவசரமில்லாமல், அவன் முடிக்கும்வரை இருந்தாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். அவள் இறங்கினாள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இருக்கைக்கு அடியில் இருந்தவனை வூலிஸ் தூக்கிக்கொண்டு வந்தான்.

எல்லாம் அன்றோடு முடிந்துவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டன. என் கடையில் ஆணி வாங்குவதை நிறுத்தியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த வாரமே சுவரில் மறுபடியும் எழுதினார்கள், மறுபடியும் அழித்தோம். முதல் இரண்டு மாதம் தினமும் மதியம் முறைவைத்து ஆறு பேர் கேட்டில் நின்றோம், சண்டைக்கல்ல, வரும் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்ல. ஊரில் எங்களுக்கு 'ரெண்டு மணிக்காரங்க' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர், நாங்களே எடுத்துக்கொண்டோம். கூரை மனுவில் நானூறு கையெழுத்து விழுந்தது, பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தார்கள். க்ரிசாந்தி எங்களோடு ஒருநாளும் கேட்டில் வந்து நின்றதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் முகாம் பிள்ளைகளின் வகுப்பில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கேள்விப்பட்டு, நகராட்சி அலுவலகத்தில் போய் அவள் போட்ட சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டதாம்.

வூலிஸுக்குப் பழைய வழித்தடம் ஜனவரியில் திரும்பக் கிடைத்தது. முதலாளியின் பெருந்தன்மை எல்லாம் இல்லை, புதிதாக ஓட்ட வந்தவன் வாரத்துக்கு ஒரு முறை வழி தவறிக்கொண்டிருந்தான். நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் ஆட்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள், எங்கள் பள்ளியிலும் இப்படிச் சிக்கல், எப்படிச் செய்தீர்கள் என்று. அவன் ஒரே யோசனைதான் சொல்வான்: எதிர்க்கிறவர்களை எண்ணாதே, இன்னும் யாரும் கேட்காதவர்களைப் போய்க் கேள். அடுத்த இரண்டு வருடத்தில் ஆறு பகுதிகளில் அப்படிக் கதவு தட்டினார்கள். நாலில் கேட் திறந்தது. மற்ற இரண்டைப் பற்றிப் பேசினால் இன்றும் அவன் முகம் வாடிவிடும்.

அந்த முதல் வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், மாலை வகுப்பு ஆசிரியை என் கடைக்கு வந்தாள். பல்பு வாங்கிக்கொண்டே ஒரு சந்தேகம் என்றாள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம், மொழி வேகமாக வருகிறதாம், ஆனால் வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் அத்தனை பேரும், "க... க... கலிஸ்பேரா," என்று திக்கித்தான் வணக்கம் சொல்கிறார்களாம். கேலி செய்கிறார்களோ என்று பார்த்தால் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. மற்ற வார்த்தைகள் எல்லாம் சரளமாக வருகின்றன. இது என்ன வியாதி?

நான் பல்பைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினேன், சிரிப்பில் நிற்க முடியவில்லை. தினமும் பேருந்தில் ஏறும்போது அந்த வார்த்தையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று அவளுக்குச் சொன்னேன். வணக்கம் என்றால் அப்படித்தான், முதல் எழுத்தை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று இருபத்திரண்டு பிள்ளைகளும் நம்பியிருக்கிறார்கள். ஆசிரியை அதைத் திருத்தவா என்று கேட்டாள். விடுமுறை முடியட்டும், இப்போது வேண்டாம் என்றேன்.